முழுக வார்த்த தண்ணீர்

கொடியில் ஒரு சட்டை சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. விடுதிக்கு மரக்கறி வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்திறங்கிய மேற்றன் அக்கா முதலில் அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு கிணற்றடியில் ஈரத்தலையோடு குந்தியிருந்த பிள்ளையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "முழுக வார்த்தனீரே?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். எத்தனையோ மறந்துவிட்டேன், அந்தப் பெருமையை மட்டும் மறக்க முடியவில்லை.

அது போர் நிறுத்தத்துச் சமாதான காலம். வவுனியாவில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு அவர்தான் மேற்றன், பொறுப்பாளர். நான் அவருக்கு உதவியாள், அதுவும் தற்காலிக நியமனம். கண்டாவளையில் இருந்து வந்த, ஐம்பது வயதைத் தாண்டிய விதவை அவர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் றேடியோவை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பிள்ளை நெடுங்கேணிக்காரி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், கடைசிச் சோதனைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. அன்று மத்தியானம் விரிவுரையாளர் ஒருவர் குறிப்புத் தருவதாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைப் பூட்டி, அவளைப் பலவந்தப்படுத்தியிருந்தார். அவள் என்னிடம் ஓடிவந்து இரண்டு வசனத்தில் சொன்னாள்.

எங்கள் வீட்டில் செத்த வீட்டுக்குப் போய் வந்தாலும் சரி, தெருவில் விபத்தைக் கண்டு வந்தாலும் சரி, முழுகாமல் அம்மா உள்ளே விடமாட்டார். கெட்டது எதுவானாலும் தலையில் தண்ணீர் வார்த்தால் போய்விடும் என்று வளர்ந்தவள் நான். அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், உடுப்பையும் தோய்த்துக் காயப்போட்டேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்த முட்டாள் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும்.

மேற்றன் அக்கா என்னை ஏசவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, "ஆஸ்பத்திரிக்குப் போவமோ பிள்ளை? பொலிசுக்கும் போகலாம். நீங்கள் வேண்டாமெண்டால் வேண்டாம்" என்றார். அவள் எழுந்து, "போவம்" என்றாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதற் கேள்வியும் முழுகியதைப் பற்றியதுதான். தடயமெல்லாம் தண்ணீரோடு போயிருந்ததால் அவர் எழுதுவதற்கு அதிகம் இருக்கவில்லை. பொலிசும் முறைப்பாட்டை எழுதி வைத்துக்கொண்டதோடு சரி.

விடுதியில் கதை பரவியதும் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாகின. அன்றிலிருந்து மேற்றன் அக்கா தன் தட்டை எடுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். ஆறுதல் என்று எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கறிக்கு உப்புக் காணாது, நெடுங்கேணியில் மழையோ என்று அவளோடு வழக்கம்போலக் கதைத்துக்கொண்டிருப்பார்.

கல்லூரி விசாரணை வைத்தது. மேசைக்கு அப்பால் மூன்று ஆண்கள், இப்பால் அவள், அவளுக்குப் பின்னால் மேற்றன் அக்காவும் நானும். அன்று மத்தியானம் தான் கல்லூரியிலேயே இல்லை என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். நடுவில் இருந்தவர் அவளைப் பார்த்து, "அப்படி நடந்தது உண்மையென்றால், ஏன் உடனே முழுகி உடுப்பையும் தோய்த்தீர்?" என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் என் நாக்கு எழவில்லை. மேற்றன் அக்கா எழுந்தார். "நான்தான் வார்த்தனான். பிள்ளையில பிழை இல்லை." நடுவில் இருந்தவர் அவளிடம், "அப்படியா?" என்று கேட்டார். அவள் என்னை விட்டுப் பார்வையை எடுத்து, "ஓம் சேர்" என்றாள். அதைக் கவனமாக எழுதிக்கொண்டார்கள்.

ஆதாரம் போதாது என்று முடிவு வந்தது. விரிவுரையாளர் தொடர்ந்து படிப்பித்தார். பொறுப்பில்லாமல் நடந்ததாக மேற்றன் அக்காவைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பெட்டி அடுக்கும்போது, "நான் போய் உண்மையைச் சொல்லுறன் அக்கா" என்று அழுதேன். "சொல்லி? உம்மையும் அனுப்பிப்போட்டு இந்தப் பிள்ளையை ஆரிட்டை விடுறது? சோதினை முடியுமட்டும் பக்கத்தில இரும்" என்றார். இருந்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் மண்டப வாசல்வரை கூடப் போய், அவள் வெளியே வரும்வரை வாங்கில் குந்திக் காத்திருந்தேன். அவள் பாஸ் பண்ணி, புதுக்குடியிருப்பில் ரீச்சர் ஆனாள். பட்ட கடன் தீர்ந்தது என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த வருடம், இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமின் முள்வேலிக்கு இப்பால் நின்று அவளைக் கண்டேன். கறுத்து மெலிந்திருந்தாள். கூடாரத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதாகச் சொன்னாள். மேற்றன் அக்காவைப் பற்றிக் கேட்டேன். கண்டாவளை ஆட்களிடம் தானும் விசாரித்ததாகவும், இடம்பெயர்ந்த பிறகு அவரை ஒருவரும் காணவில்லையாம் என்றும் சொன்னாள். இன்றுவரை எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு நான் எழும்பிச் சொல்லியிருக்க வேணும். என்னை மன்னியும்" என்றேன். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. நேராக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்டைக்கு நான் சொன்ன உண்மை ஒண்டையும் அந்த மூண்டு பேரும் நம்பேல்லை அக்கா. அந்த ஒரு பொய்யை மட்டும் உடன நம்பிச்சினம்."