சிவசைலம் அண்ணாச்சி திருத்திய நான்காவது பாட்டு

அன்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது அண்ணாச்சியிடமிருந்து செய்தி வந்தது. "திருத்தி முடிச்சாச்சு. சாயங்காலம் குத்தாலத்துக்கு வாலே, சண்டை போடுவோம்." என்ன சொல்லி அவரை மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே ஊதுபத்தி கொளுத்தினேன். பத்தி அணைவதற்குள், எங்களோடு அவர் பாட்டைக் கேட்கும் செல்வி அழைத்தாள். "அண்ணே, சிவசைலம் அண்ணாச்சி போயிட்டாவ. நெஞ்சு வலியாம்." எனக்குக் கோபம்தான் வந்தது. "கிறுக்கு மாதிரி பேசாத, இப்பதான மெசேஜ் போட்டாரு" என்று கத்தினேன். அவள் அழுதபிறகுதான் ஷட்டரை இறக்கினேன். நாற்பத்தாறு வயது. இது சாகிற வயதா?

அவரை அறியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குற்றாலத்தில் குடும்பத்து லாட்ஜைப் பார்த்துக்கொண்டே கிட்டார் வாசித்தவர். சீசன் முடிந்து அறைகள் காலியாகக் கிடந்த நாட்களில், நண்பர்கள் இருவரோடு மாடி அறையில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். பெயர் 'சாரல் இல்லாத மாதங்கள்'. இந்த வகை இசையை மேத் ராக் என்பார்கள். ஐந்து, ஏழு, பதினொன்று என்று தாளம் மாறிக்கொண்டே போகும். காலைத் தட்டிக்கொண்டு கேட்பவன் சீக்கிரமே தோற்றுப்போவான். வெளிவந்தபோது ஒருவரும் சீந்தவில்லை. நண்பர்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். அதை விடாமல் கேட்டவர்கள் நாங்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

தென்காசியில் என் கண்ணாடிக் கடைக்கு ஃப்ரேம் மாற்ற வந்தவர், மேஜையில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தார். என்னவென்று கேட்டேன். மறுநாள் பென் டிரைவோடு வந்தார். "மொதல்ல பிடிக்காது. அதுக்குப் பொறவும் பிடிக்காம போகலாம். எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, பாத்துக்க" என்றார். ஒரு வாரம் கடையில் அதுவே ஓடியது. வாடிக்கையாளர்கள் தலைவலி என்றார்கள். கண் பரிசோதனைக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது பாட்டில் எல்லாம் சட்டென்று நிற்கும். பிறகு யாரும் எதிர்பாராதபடி தாளத்தில் ஒரு தட்டு முன்பாகவே கிட்டார் உள்ளே பாயும். எங்களுக்கு உயிரே அந்த இடம்தான். மாடி அறையில் கூடிக் கேட்கும்போது எல்லோர் தலையும் அங்கே ஒன்றாக ஆடும். வாசுதேவநல்லூர் செல்வி கல்லூரியில் கணிதம் நடத்துபவள். அந்த இடத்துக்கு ஒரு பெரிய விளக்கமே வைத்திருந்தாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "ஏட்டி, அது கணக்கெல்லாம் இல்ல. எனக்குக் கை தவறிட்டு."

அன்று ஆரம்பித்தது வம்பு. அதைத் திருத்தி ஆல்பத்தைத் திரும்ப வெளியிட வேண்டும் என்றார். கூடாது என்று நான் நின்றேன். "நாங்க வருசக்கணக்கா உயிரைக் கொடுத்துக் கேட்டது அதைத்தான் அண்ணாச்சி." "அதுக்காக? எனக்கு அங்கன ஒவ்வொரு தடவையும் கூசுதுலே. உனக்கு என்ன, நீ கேக்கத்தான செய்யுதே" என்றார். நான் சொன்னது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, அவர் மனைவி பார்வதி மதினி எங்கள் கூட்டத்துக்கு மாடி அறையைத் திறந்து, கம்ப்யூட்டரில் அவர் திருத்தியதைப் போட்டார். நான்காவது பாட்டு வந்தது. எல்லாம் நின்றது. வழக்கமான இடத்தில் எங்கள் தலைகள் ஆடின. அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு தட்டு கழித்து, இருக்கவேண்டிய இடத்தில் கிட்டார் வந்தது. அந்த ஒரு தட்டு நேரத்தில்தான் அவர் செத்துப்போனது எனக்கு உறைத்தது. சுடுகாட்டில்கூட அப்படி உறைக்கவில்லை.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதெல்லாம் வெறும் இரைச்சல் என்று கேலி செய்தவர். "எனக்கும் அங்கன தலை ஆடிட்டு, பாத்தீங்களா" என்றார். பிறகு கேட்டார்: "அவுக ஆசப்பட்டது இதுதான். எதை வெளியிட? நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "திருத்தினதையே போடுங்க மதினி" என்றேன். எதிராளி இல்லாத சண்டையில் ஜெயிக்க எனக்கு மனம் வரவில்லை.

பழையது என்னிடம் இருக்கிறது, அண்ணாச்சி. அதை யாருக்கும் தரமாட்டேன், திருத்தவும் விடமாட்டேன். உங்களுக்குக் கை தவறியது என்று தெரிந்த பிறகும் என் தலை அங்கேதான் ஆடுகிறது.