கருணை மனு அல்ல, மேன்முறையீடு

இன்று கிளிவெட்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஓர் ஆங்கிலக் கடிதத்தை வாசிக்கத் தந்தார். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் இருந்த வாக்குமூலத்தில் ஒப்பமிட்ட மகனுக்குச் சிறைத்தண்டனை விதித்துப் பத்து நாள்.

“அப்பீலுக்கு லோயர் எழுதித் தந்தவர், பிள்ளை. மகன் ஒப்பம் வைக்க வேணுமாம்.”

வாசித்தேன். கருணை மனு.

“இது அப்பீல் இல்லை அம்மா. குற்றத்தை மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறது.”

“செய்யாததுக்கு என்ன மன்னிப்பு? இஞ்ச தாங்கோ!”

கடிதம் நான்காகக் கிழிந்தது.

மேன்முறையீட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. சிறைச்சாலை வழியாகவே கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். இருவருமாகப் போனோம். மகன் ஒப்பமிட்டார்; மேன்முறையீட்டுப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தாயிற்று. வழக்கு உயிரோடு இருக்கும்.

கருணை எங்களிடமே தாராளமாக இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதாடத் தெரிந்த கொழும்புச் சட்டத்தரணி யாரையும் தெரிந்தால் எழுதுங்கள்.