முட்டைக்கு அவசரமில்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் எலெக்ட்ரானிக்ஸ் துறையில் வேலை பார்த்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமையானால் பஸ் ஏறிப் புதுச்சத்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். மாமா லாரியோடு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். அக்கா தனியாளாகக் குஞ்சு பொரிப்பகம் நடத்தினாள்.

மின்வெட்டுதான் அவளுக்கு எமன். கரண்ட் போனதும் இன்குபேட்டர் ஆறத் தொடங்கும். எவ்வளவு ஆறியிருக்கிறது என்று கதவைத் திறந்து பார்த்தால் மிச்சச் சூடும் போய்விடும். திறக்காவிட்டால் வெந்நீர் டின்களை எப்போது உள்ளே வைப்பதென்று தெரியாது. ஒரு கோடையில் ஓர் ஈடு, ஒரே தடவையாக அடைக்கு வைத்த முட்டை முழுவதும் கெட்டது. அதைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டு வந்தவள், "நீயென்னமோ படிச்சிருக்கறயே சாமி, கதவத் தொறக்காம உள்ள எத்தன சூடுன்னு சொல்றாப்பல ஒண்ணு பண்ணித் தரக்கூடாதா?" என்றாள்.

பண்ணினேன். உள்ளே ஒரு சென்சார். சூடு மாறினால் அதன் வோல்டேஜ் மாறும். அந்த வோல்டேஜ், இடைவிடாமல் துடிக்கும் ஆஸிலேட்டர் என்ற சுற்றின் துடிப்பைக் கூட்டும், குறைக்கும். குறித்த நேரத்துக்குள் எத்தனை துடிப்பு என்று எண்ணினால் சூடு எண்ணாக வந்துவிடும். பேட்டரியில் ஓடியது; சிவப்பு இலக்கங்கள் வெளியே பளிச்சென்று எரிந்தன. அடுத்த முறை போனபோது அணைந்து கிடந்தது.

"பேட்டரிக் கட்டையாத் தின்னு தீக்குது. இதுக்கு நம்ம கோழிகளே தேவல," என்றாள் அக்கா.

துறைத் தலைவரிடம் கேட்டேன். "ஆஸிலேட்டர்னா ஓடிக்கிட்டேதாம்மா இருக்கும், பவரைத் தின்னத்தான் செய்யும். அடாப்டர் போட்டு கரண்ட்ல மாட்டிடு."

"கரண்ட் இல்லாதப்ப பாக்கறதுக்குத்தான் சார் இது."

"அப்ப விட்டுரு. கோழிக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

முதலில், சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும் பழைய சிப்புகளைப் பிடுங்கிவிட்டு, துடிக்கும்போது மட்டும் குடிக்கும் சீமாஸ் சிப்புகளைப் போட்டேன். பாதி வென்ற மாதிரி இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு மதியம் இன்குபேட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இத்தனை முட்டையும் சேர்ந்து ஆற எவ்வளவோ நேரம் பிடிக்கும். முட்டைக்கு அவசரமில்லை. ஆஸிலேட்டருக்கு மட்டும் என்ன அவசரம்? ஏன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்?

அதைத் தூங்க வைத்தேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து, எண்ணி, வந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கும். எழுந்தவுடன் அதன் துடிப்பு நிலைகொள்ளாமல் தப்பு எண்ணாகக் காட்டியது. அதனால் அது நிலைப்படும்வரை கொஞ்சம் பொறுத்து எண்ண வைத்தேன். இலக்கங்கள் பொத்தானை அழுத்தினால் மட்டும் எரிந்தன.

அடுத்த மின்வெட்டில் அக்கா கதவைத் தொடவேயில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எண் இறங்கியதும் டின்களை வைத்தாள். அந்த ஈடு பொரித்தது. பேட்டரிக் கட்டைகள் தீராமல் அதற்கடுத்த ஈட்டையும் தாண்டின.

செய்தி கேட்டுத் தலைவர் கூப்பிட்டார். "கண்காட்சிக்குக் கொண்டாம்மா. துறை பேர்ல வெச்சிரலாம். லைட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும், பாக்கறவங்களுக்கு எடுப்பா இருக்கும். கரண்ட்ல மாட்டிக்கலாம்."

"மாட்ட முடியாதுங்க சார். எரியாம இருக்கறதுக்குத்தான் நான் இத்தன பாடுபட்டேன். அதுவுமில்லாம, அங்க ஈடு வெச்சிருக்காங்க. எடுத்துட்டு வர முடியாது."

"கோழிப் பண்ணை பெருசா, காலேஜ் பெருசா?"

"இந்த மீட்டருக்குக் கோழிப் பண்ணைதாங்க சார் பெருசு."

அந்த வருடப் பணி மதிப்பீட்டு அறிக்கையில் என்னைப் பற்றி 'கீழ்ப்படியும் குணம் இல்லை' என்று எழுதினார். படித்துக் கையெழுத்திடச் சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினார். மறுப்பு எழுதக் கீழே இடம் விட்டிருந்தது. அதை வெறுமையாக விட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.