உப்புப் படம்

உப்பின் மேல் செருப்புக் காலோடு நடந்தால் ஒரு சத்தம் வரும். அது மணலில் நடக்கும் சத்தம் போலவும் இருக்காது, சரளையில் நடப்பது போலவும் இருக்காது. பாதி ஈரமும் பாதி உலர்ச்சியுமாக ஏதோ ஒன்று காலடியில் மெல்ல நொறுங்கி அமுங்குவது போல 'நறுக், நறுக்' என்று கேட்கும். ஆம்பூரில் எங்கள் தெரு முடிந்து, தோல் பதனிடும் டேனரியின் மதில் தொடங்குகிற இடத்தில், வெளியூர்களிலிருந்து லாரியில் வந்த பச்சைத் தோல்களை உதறிக் கொட்டிய உப்பு எப்போதும் குவிந்து கிடக்கும். தோல் அழுகிவிடாமல் இருக்க அதன் மேல் உப்பை அள்ளிப் போட்டு மடித்து அனுப்புவார்கள். இங்கே குடோனில் பிரித்து உதறித் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால், பலகை போல் விறைத்துக் கிடந்தது அன்றைக்கு உரித்ததைப் போல நெகிழ்ந்துவிடும். பள்ளிக்கூடம் போகையில் நான் வேண்டுமென்றே அந்தக் குவியலின் ஓரத்தில் ஏறி நடப்பேன். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் தெரு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாஷை தெரியாத ஒரு வெளிநாட்டுப் படத்தைப் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டது தப்பாகத்தான். ஆனால் அந்தத் தப்புக்கு எங்கள் குடும்பம் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா தேவராஜ் அந்த டேனரியில் 'ஷேவிங் மிஷின்' ஓட்டியவர். தோலின் உட்புறத்தை ஒரே கனமாகச் சீவி எடுக்கும் இயந்திரம் அது. நான் ஏழாவது படித்த வருஷம், மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, அவருடைய வலது கை அதில் சிக்கியது. இயந்திரத்தை நிறுத்தியவர் பக்கத்து மிஷினில் நின்றிருந்த பஷீர் பாய், அப்பாவின் தோஸ்த். கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போயின. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்; தெருவே அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். புண்ணை அவர் ஆற்றிவிட்டார். ஆனால் அதன் பிறகு அப்பா அந்தக் கையைத் துண்டால் மூடிக்கொண்டார். தூங்கும்போதுகூடத் துண்டு இருக்கும். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கைகொடுப்பார்கள் என்பதால் சர்ச்சுக்குப் போவதை விட்டார். யார் முன்னாலும் சாப்பிட மாட்டார். அம்மா தட்டை உள்ளறையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பேச்சு, தேவைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. சிரிப்பு அந்த அளவுக்குக்கூட இல்லை.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து ஒரு சொல் வந்தது. பச்சைத் தோல் குடோனில் மேஸ்திரி இடம் காலியாகிறது, திங்கட்கிழமை தேவராஜ் வந்து நின்றால் அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அந்த வேலைக்கு இயந்திரம் வேண்டாம். ஆனால் ஆட்கள் சுற்றி நிற்க, தோலைத் தொட்டுப் புரட்டி, இது நல்லது, இது கழிவு என்று கைநீட்டிக் காட்ட வேண்டும். அம்மா அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தபடி, "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'இல்லை' என்று பொருள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறுதான் பஷீர் பாய் வீட்டில் படம். அவருடைய தம்பி சவுதியிலிருந்து ஒரு வீடியோ 'டெக்'கும் அதோடு ஒரே ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். கேசட் பெட்டியின் மேல் பனி மூடிய மலையும், அதன் அடிவாரத்தில் ஒரு மரவீடும். எழுத்து எந்த நாட்டு எழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவை அழைத்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"தேவா, சாப்பாட்டுக்குக் கூப்பிடல. சாப்பிட்டுட்டே வா. படம் பாக்க மட்டும் வா. காஷ்மீர் மாதிரி ஜில்லுனு சீனரி. மனசுக்கு நல்லா இருக்கும்."

ஞாயிறு மதியம் ஒருவரைப் படத்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் விடுவது ஆம்பூரில் நடக்காத காரியம். அப்பாவுக்கு அது என்ன மரியாதை என்று புரிந்திருக்க வேண்டும். துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

ஜன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கிய கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. பிரியாணி வாசனை இன்னும் போகவில்லை. அப்பாவுக்குச் சுவரோரமாக நாற்காலி. அம்மாவும் நானும் கீழே பாயில், அவர் காலருகே. படம் தொடங்கியது. மலை, வெள்ளை, நிசப்தம். பூட்ஸ் போட்ட யாரோ நடந்து வருகிறார்கள். 'நறுக், நறுக்.'

அதே சத்தம். எங்கள் மதிலோரச் சத்தம்.

தாமதமாக வந்து வாசற்படியில் குந்தியிருந்த முனுசாமி மாமா, குடோனில் தோல் உதறுகிறவர், கேசட் பெட்டியைப் பார்க்காதவர். அவர்தான் முதலில் சொன்னார். "இன்னா பாய், உப்பு இவ்ளோ கொட்டி வெச்சிருக்கானுங்க? எந்த ஊரு டேனரி?"

"யோவ், அது பனிய்யா."

"எனக்கா தெரியாது? பொழுதுக்கும் அதுலதானே கெடக்கறேன். சத்தத்தைக் கேளு."

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் குவியலைப் பிளந்துகொண்டு ஒரு கை வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு தலை. எப்போதோ செத்துப் புதைந்துபோன ஆள் ஒருவன், தாடியெல்லாம் விறைத்திருக்க, கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். பெண்கள் அலறினார்கள். பாய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். முனுசாமி மாமா மட்டும் அசரவில்லை.

"பாத்தியா? பொணத்தை உப்புல போட்டு மடிச்சு வெச்சிருக்கான். அதான் கெட்டுப் போவல. இப்போ தண்ணி பட்டிருக்கும், நெகிழ்ந்து எழுந்துக்கிறான்."

பாஷை தெரியாத படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதையை யாரும் சொல்லிவிட முடியாது. பனி என்று தெரிந்தவர்கள்கூட மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மரவீட்டுச் சமையற்காரன் வெந்நீர் அண்டாவைத் தூக்கியபோது கூடமே, "ஊத்தாதேடா, இன்னும் நாலு பேர் எழுந்துக்குவானுங்க" என்று கத்தியது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தோம். பீய்ச்சி அடித்த ரத்தம் கல்யாண வீட்டுச் சர்பத் நிறத்தில் இருந்ததால் பயம் பாதியாகவும் சிரிப்பு பாதியாகவும் வந்தது. நான் அவ்வப்போது திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அது வந்தது. செத்தவன் ஒருவன் மரவீட்டுக்குள் நுழைய வலது கையை நீட்டினான். சமையற்காரன் கதவை அறைந்து சாத்தினான். கை தனியாக உள்ளே விழுந்தது.

கூடத்தில் யாரும் அப்பாவின் பக்கம் திரும்பவில்லை; திரும்பாமல் இருப்பதற்கு எல்லோரும் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பது முதுகுகளிலேயே தெரிந்தது. அம்மா பாதி எழுந்துவிட்டார். பஷீர் பாய் பாய்ந்து போய் டெக்கின் பொத்தானை அழுத்தினார். புது டெக், பழக்கமில்லாத விரல், படம் அணையவில்லை. அப்படியே நின்றுவிட்டது. திரை முழுக்க அந்தக் கை, கோடு கோடாக நடுங்கிக்கொண்டு, நகராமல் கிடந்தது. பாய் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். கை போகவே இல்லை. "யா அல்லா," என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது. அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அப்பாவின் கையை இயந்திரத்திலிருந்து விடுவித்தவர் அவர்தானே.

"உப்பு பத்தல."

சுவரோரத்திலிருந்து வந்த குரல். எனக்கு அது யார் குரல் என்று பிடிபடவே சற்று நேரமாயிற்று.

"உப்பு பத்தல, முனுசாமி," என்றார் அப்பா மறுபடியும், குடோனில் தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரைப் போல நிதானமாக. "ஓரத்துல சரியா போடாம வுட்டுட்டான். அதான் கழண்டு வருது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அப்பாவே முதலில் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தோள் குலுங்கியது. "ஓட்டுடா பஷீர். பாவம், அவன் கை இல்லாம இன்னா பண்றான்னு பாப்போம்."

பாய் எதையோ அழுத்தினார், படம் நகர்ந்தது. செத்தவன் கதவுக்கு வெளியே குனிந்து, வெள்ளைக் குவியலில் ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அங்கே யார் யாருடைய உறுப்புகளோ சிதறிக் கிடந்தன. ஒரு கையை எடுத்து மணிக்கட்டில் பொருத்தினான். கட்டைவிரல் தப்பான பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், அது லெஃப்ட் கைடா மடையா!" என்று அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கத்தினார். "ரைட் கை அதோ, அந்தாண்ட கெடக்குது பாரு, காலுக்குப் பக்கத்துல!"

காட்டுவதற்கு அவர் நீட்டியது வலது கையை. துண்டு நழுவிப் பாயில் விழுந்தது. ஒற்றைக் கட்டைவிரலோடு அந்தக் கை திரையின் வெளிச்சத்தில் நீண்டு நின்றது. நான் துண்டை எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை பிடியை விடவில்லை. அந்தப் பிடி வலித்தது. அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இருட்டில் தெரியவில்லை. துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு கூடம் அடங்கவே இல்லை. ஒவ்வொரு தலை கழன்றபோதும், ஒவ்வொரு கால் தெறித்தபோதும், "உப்பு பத்தல!" என்று பத்துக் குரல்கள். முனுசாமி மாமாவுக்குத்தான் கோபம். "நல்லா போட்ட உப்புதான்யா அது, தொட்டியில ஊற வெச்ச நேரம் ஜாஸ்தி" என்று கடைசிவரை வாதாடினார். கடைசியில் மலை சரிந்து எல்லோர் மேலும் வெள்ளை விழுந்தது. செத்தவன் மட்டும், சரியான கையோ தப்பான கையோ, அதை வெளியே நீட்டி ஆட்டினான். அத்தோடு படம் முடிந்தது.

போர்வைகளை அவிழ்த்ததும் மதிய வெயில் உள்ளே வந்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். அப்பா எழவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்து, "பாயம்மா, மதியம் பிரியாணின்னு வாசனை சொல்லுது. எங்களுக்குத்தான் தகவல் வரல," என்றார்.

பஷீர் பாயின் மனைவி உள்ளே போனார். திரும்பி வந்தபோது தட்டு நிறைய பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடி, ஓரத்தில் ஒரு ஸ்பூன். எல்லோருக்கும்தான் ஸ்பூன் என்பது போல பாய்க்கும் ஒரு தட்டு, ஒரு ஸ்பூன். பாய் மதியமே சாப்பிட்டவர். அப்பா தட்டை வலது மணிக்கட்டில் தாங்கி, இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டார். சோறு கொஞ்சம் சிந்தியது. பாயும் வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தினார்.

"இன்னாடா, உனக்கு ரெண்டு கையும் ஒழுங்காத்தானே இருக்குது?"

"பசி ஜாஸ்தி, தேவா," என்றார் பாய்.

திங்கட்கிழமை காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை என்றாலும் அம்மா போய்ப் பொத்தான்களைப் போட்டுவிட்டார். துண்டு தோளில் கிடந்தது, எல்லா ஆண்களுக்கும் துண்டு கிடக்கிற இடத்தில். பள்ளிக்கு நானும் கூடவே போனேன். மதிலோரம் வந்ததும் அப்பா உப்புக் குவியலின் மேல் ஏறி, என்னைப் போலவே, 'நறுக், நறுக்' என்று நடந்து வாசலுக்குள் போனார். ஓய்வு பெறும்வரை அந்தக் குடோனில்தான் இருந்தார். அவர் கழித்துப் போட்ட தோல்களுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு என்று முனுசாமி மாமா சொல்வார்: 'செத்தவன் கை'.

இன்றுவரை, அந்தப் படத்தை எடுத்தவர்கள் யார், எந்த நாடு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பாய் அந்தக் கேசட்டின் மேலேயே வேறெதையோ பதிவு செய்துவிட்டார். கேசட் பூஞ்சை பிடித்துப் போயிற்று. என் மகள் கணினியில் தேடித் தருகிறேன் என்றாள். பனிமலையில் செத்தவர்கள் எழுகிற படங்கள் உலகத்தில் இத்தனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் படம் அவற்றில் இல்லை. ரப்பரில் அந்தக் கையைச் செய்து, சர்பத் நிறச் சாயம் பூசி, கதவிடுக்கில் வைத்த மனிதர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். படம் பார்ப்பவர்களை அருவருத்துச் சிரிக்க வைக்கத்தான் அவர் அதைச் செய்திருப்பார். ஆம்பூரில் ஒரு வீட்டுக்கு அது என்ன செய்தது என்று அவருக்குச் சொல்ல வழியில்லை. ஜெபத்தில் பெயர் தெரியாதவர்களுக்கு நன்றி சொல்லும்போது அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்பா இல்லை, பஷீர் பாய் இல்லை. டெக் வாடகைக்கு விட்ட கடைகளில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மதிலோரத்து உப்புக் குவியலும் இல்லை. இப்போதெல்லாம் அதை அப்படித் தெருவில் கொட்டுவதில்லை, நிலத்துக்கு நல்லதுதான்.

சென்ற ஆண்டு மகளோடு இமயமலைப் பக்கம் போயிருந்தேன். வண்டியை விட்டு இறங்கிப் பனியில் முதல் அடி வைத்ததும் நின்றுவிட்டேன். இன்னொரு அடி வைத்தேன். நறுக். மகள் பயந்துபோய், மூச்சு முட்டுகிறதா என்று கேட்டாள். நான் குனிந்து ஒரு பிடி அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"என்னம்மா பண்றே? எப்படி இருக்கு?"

"உப்பு பத்தல," என்றேன்.