தோளில் விழுந்த சீலை

மச்சான் சிலாவத்துறை முத்துக்குளிப்புக்குப் போன இடத்தில் வாந்திபேதியில் மௌத்தாகிவிட்டார். அவரின் பெண்சாதி, என் மூத்த சகோதரி லாத்தா, இத்தா இருக்கத் தொடங்கினாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். வேலி ஓட்டைகளைக் கிடுகு வைத்து அடைத்தார்கள், கண்ணாடியைச் சுவரோடு திருப்பி வைத்தார்கள். துணைக்கு, கலியாணமாகாத தங்கையான என்னை அறைக்குள் விட்டார்கள்.

முதல் கிழமையிலேயே மச்சானின் தாயான மாமி வாப்பாவிடம் வந்து, இத்தா முடிந்ததும் தன் இளைய மகனுக்கு லாத்தாவைக் கலியாணம் முடிப்பதென்று பேசிவிட்டுப் போனா. வாப்பா ஓம் என்றார். லாத்தாவை ஒருவரும் கேட்கவில்லை. பேசாதிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது முசலிப் பக்கத்தில் எல்லாருக்கும் வசதியான வழக்கம்.

வியாழன் பின்னேரங்களில் பள்ளிவாசல் லெப்பை வந்து திரைக்கு அப்பால் கதிரையில் இருந்து மார்க்கப் பயான் சொல்லுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் திரைக்கு இப்பால் பாயில் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். அரபிகள் என்றால் எங்களுக்குச் சலாபத்துக்கு வந்து முத்துக்குளிக்கிற, உரத்துப் பேசுகிற ஆட்கள்தான். இஸ்லாம் வருவதற்கு முந்திய அறியாமைக் காலத்து அரபிகளை லெப்பைதான் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர்கள் சந்தை கூடினால் கவி சொல்லிப் போட்டி போடுவார்களாம். கூடாரத்துக்குள் புகுந்தவன் பகையாளியென்றாலும் காப்பாற்றுவார்களாம். ஆனால் விதவையை ஒரு வருடம் இருட்டுக் குடிலில் கந்தைத் துணியோடு போட்டு வைப்பார்களாம்.

“அதைவிட மோசம் ஒண்டிருக்கு. புருசன் மௌத்தானதும் அவன்ட வாரிசு வந்து அவ மேல தன்ட துணியைப் போடுவான். போட்டாச் சரி, அவ அவனுக்குச் சொந்தம். மார்க்கம் வந்துதான் அதை நிப்பாட்டினது” என்றார் லெப்பை.

லாத்தா என் காதில் சொல்லி என்னைக் கேட்க வைத்தாள். “துணி விழமுந்தி அவ ஓடினா?”

“தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திட்டாத் தப்பினா” என்றார் லெப்பை.

லாத்தா இருந்ததே தாய் வீடுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. இனி அந்தக் காலம் இல்லையே என்று பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு எழும்பினார்கள்.

இத்தா முடிந்த காலையில் லாத்தா குளித்து, வெள்ளைச் சீலையோடு பாயில் இருந்தாள். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் நிறச்சீலை கொண்டுவந்து உடுக்கக் கொடுப்பார்கள். மாமி வாசலில் நின்று, “நீயே குடு மகன்” என்று இளையவரை முன்னே தள்ளினா. அவர் கூச்சக்காரர், நல்ல மனிசன். கையில் கை பட்டுவிடும் என்று பயந்து, படியில் நின்றபடியே சீலையை எறிந்தார். அது விரிந்து லாத்தாவின் தோளில் விழுந்தது.

லெப்பையின் கதையைக் கேட்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி “யா அல்லாஹ்” என்று முணுமுணுத்தாள். பாவம் அவர், தான் என்ன பிழை செய்தார் என்று விளங்காமல் விழித்தார்.

லாத்தா சீலையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். திரைக்கு இப்பாலிருந்து ஒரு வார்த்தை சத்தமாகப் பேசாதவள் அவரை நேரே பார்த்துப் பேசினாள்.

“நீங்கள் வாய் திறந்து ஒருக்காக் கேட்டிருந்தா, நான் ஓம் எண்டும் சொல்லியிருப்பன்.”

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. இப்போதாவது கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். கேட்கவேண்டுமென்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. லாத்தாவும் காத்திருந்தாள்.

அவர் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தார்.

லாத்தா சீலையை மடித்து என் கையில் தந்தாள். “கொண்டுபோய்க் குடுத்திட்டு வா” என்றாள்.