புதுச்சத்திரத்தில் இறங்கியவர்

ஒரு கைக்குழந்தையின் தண்ணீரில் மூஞ்சி கழுவிய மகான் நான்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ். பக்கத்து சீட் இளைஞர், பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த தூக்கின் மூடியைப் பொத்திக்கொள்வார். முறுக்கு தின்ற எனக்கு விக்கல் வந்ததும் தூக்கை நீட்டினார். பாதியைக் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மிச்சத்தில் முகம் கழுவினேன்.

“தண்ணி பிரமாதம், தம்பி!”

“சிதம்பரத்துல அம்மா காய்ச்சிக் குடுத்தது சார். கடலூர்ல எங்க ஊட்டு ஃபில்டர் ரிப்பேர், பைப்புல மஞ்சளா வருது. புள்ளைக்குப் பால் கரைக்க எடுத்துட்டுப் போறேன்.”

“ஐயோ! பாட்டில் தண்ணி வாங்கித் தரேன்.”

“அது புள்ளைக்கு ஒத்துக்கல சார். பரவால்ல.”

சிரித்தபடியே புதுச்சத்திரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் சிதம்பரம் பஸ்சுக்கு நின்றார். என் வீட்டு ஃபில்டரில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு இன்னும் நினைவில் வந்து போகிறது.

மனைவியிடம் சொன்னேன். “குடிச்சது சரி. அந்த மூஞ்சிய எதுக்குக் கழுவுனீங்க? என்ன மாறிச்சு?” என்றாள்.