ரிஜெக்ட் சொல்லத் தெரியாத க்யூ.சி.காரர்

1. ஒரே லேண்டிங், மூன்று தடவை

இம்தியாஸ் முதல் தடவை செக் ரைடில் ஃபெயிலான அன்று ஓடுபாதையில் மூன்று தடவை இறங்கினான். ஒரே லேண்டிங்கில்தான். உயரமாகவும் வேகமாகவும் வந்தான், தட்டினான், எழும்பினான், மறுபடி தட்டினான். மூன்றாவது குதிப்பில் தேர்வாளர் கண்ட்ரோலைப் பிடுங்கிக்கொண்டு தானே இறக்கினார். விமான ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

இறங்கி வந்தவன், "ஹைட் கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு மேடம். அட்ஜஸ்ட் பண்ணிடலாம்னு பார்த்தேன்" என்றான்.

"அட்ஜஸ்ட் பண்றதுக்கு இது இன்னா ஷேர் ஆட்டோவா?" என்றேன்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் பயிற்சியாளராக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று அரக்கோணத்தில் இருக்கிறேன். செக் ரைடு என்பது, லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தேர்வாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பறந்து பார்க்கும் பரீட்சை. பாஸானால் பைலட். ஃபெயிலானால் மறுபடி என்னிடமே வரவேண்டும். இரண்டாவதுதான் பெரிய தண்டனை என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்.

பரீட்சைக்கு நாள் குறித்துவிட்ட பிள்ளைகள் இன்றும் எனக்குப் போன் செய்து எதைப் படிப்பது என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் படியுங்கள். விமானம் மிதக்க முடியாமல் போகும் ஸ்டால் ஸ்பீட் என்ன, எடை எவ்வளவு ஏற்றலாம், எஞ்சின் நின்றால் கை முதலில் எங்கே போகவேண்டும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். இம்தியாஸுக்கு அதெல்லாம் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. என் காலில் இருக்கும் ஷூ

இம்தியாஸ் ஆம்பூர்க்காரன். எக்ஸ்போர்ட் ஷூ கம்பெனியில் க்யூ.சி., அதாவது தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுப் பறக்க வந்தவன். அவன் கையில் சிக்கிய ஷூ தப்பிக்காது என்பார்கள். ஒரு தையல் கோணினால் ரிஜெக்ட். நிறம் ஒரு சாயல் மாறினால் ரிஜெக்ட். லைனில் வேலை செய்த பெண்கள் அவனைக் கண்டாலே வாய்க்குள் திட்டுவார்களாம். இதை அவனே பெருமையாகச் சொன்னான்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு ஜோடி ஷூ கொண்டுவந்து கொடுத்தான்.

"ரிஜெக்ட் மால்தான் மேடம், தப்பா நினைக்காதீங்க. லெஃப்ட்ல ஒரு தையல் கோணல்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். எனக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் மழை மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடிப் பிடித்தவள்.

இப்படிப்பட்ட ஆள் தன் லேண்டிங்கை மட்டும் ஒரு நாளும் ரிஜெக்ட் செய்யமாட்டான். லேண்டிங் சரியாக அமையவில்லை என்றால் இறங்குவதைக் கைவிட்டு, முழு பவர் கொடுத்து மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரவேண்டும். அதற்குப் பெயர் கோ அரவுண்ட். விமானம் ஓட்டுகிறவன் கற்றுக்கொள்ளும் பாடங்களிலேயே சுலபமானது இதுதான். ஒரு கையால் பவரைத் தள்ளினால் போதும். ஆனால் இம்தியாஸின் கை போகாது. எத்தனை கோணலாக வந்தாலும் எப்படியாவது தரையில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவான்.

"ஊர்ல இருக்கிற ஷூவையெல்லாம் தூக்கிப் போடுறே, உன் லேண்டிங்க மட்டும் பாஸ் பண்றியே, எப்படிய்யா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "அது மத்தவங்க செஞ்ச ஷூ மேடம். இது நான் செஞ்சது. எல்லாரும் பார்த்துட்டு இருக்கிறப்போ திரும்பி மேல போனா அசிங்கமா இருக்காது?"

அசிங்கமாம்! கோபத்தில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. ஆம்பூரில் ரிஜெக்ட் என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை அப்படி. ஒரு லாட் சரக்கு ரிஜெக்டாகித் திரும்பி வந்தால் கம்பெனியில் சாவு விழுந்த மாதிரி இருக்கும் என்பான். அந்த ஊரில் வளர்ந்தவனிடம் நீயாகவே ரிஜெக்ட் ஆகு என்றால் எப்படிக் கேட்பான்?

முதல் செக் ரைடில் ஃபெயிலான பிறகு அவன் வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை போய்ப் பார், ஆகவில்லை என்றால் மறுபடி கம்பெனிதான். அவன் அண்ணன் அதே கம்பெனியில் ஃப்ளோர் மேனேஜர். பழைய டேபிள் காலியாகத்தான் இருக்கிறது என்று வாரம் தவறாமல் ஞாபகப்படுத்துவாராம்.

3. மூக்குப் படிப்பு

இந்த இடத்தில் எங்கள் ஓடுபாதையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கவேண்டும். அப்போதுதான் வேகம் அடங்கும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் சீக்கிரத்தில் நிற்காது. எங்கள் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடந்தது. மேற்கே பார்த்து இறங்கினால் அதற்குப் பெயர் டூ ஃபைவ், கிழக்கே பார்த்து இறங்கினால் ஜீரோ செவன். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்ட, கம்பத்தில் துணிக்குழாய் ஒன்று கட்டியிருந்தது. விண்ட்சாக் என்பார்கள். உலகம் முழுக்க பைலட்டுகள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் பார்க்கமாட்டார்கள். ஓடுபாதைக்கு மேற்கே தோல் தொழிற்சாலைகள் இருந்தன. மேற்குக் காற்று அடித்தால் வாசனை வரும், கிழக்குக் காற்று அடித்தால் வராது. ஆகவே நாறினால் டூ ஃபைவ், நாறாவிட்டால் ஜீரோ செவன். சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்து, இது ஒரு பாடத்திட்டமாகவே நடந்துகொண்டிருந்தது. நான் கத்தாத நாள் இல்லை.

ரேடியோ ரூமில் இருந்த தேவராஜ் இந்தப் படிப்பில் பெரிய பண்டிதர். காற்று அளக்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. எப்போது வரும் என்று கேட்டால் வந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். அதுவரை தேவராஜ் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்துவிட்டு, மைக்கில் "விண்ட் வெஸ்டர்லி" என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார்.

"விண்ட்சாக் கண்ணுக்கு எதிர்ல தானய்யா நிக்குது?" என்று கேட்டால், "கண்ணாடி வீட்லயே மறந்துட்டேன் மேடம். மூக்கு எப்பவும் கூடவே இருக்குது" என்பார்.

4. இரண்டாவது செக் ரைடு

அன்றைக்குக் காலையில் நான் வரும்போது, பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் வெடித்து நின்றுகொண்டிருந்தது. உப்புப் போட்ட ஆட்டுத்தோல். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்குள் வந்தேன். நெடுஞ்சாலை எங்களுக்குக் கிழக்கே இருந்தது.

தேர்வாளர் வெளியூர்க்காரர், பழைய ஆள். காரை விட்டு இறங்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

"இது நாள் பூரா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"மத்யானத்துல கம்மியாகும் சார்" என்று ஆறுதல் சொன்னார் தேவராஜ்.

முதலில் வாய்மொழிக் கேள்விகள். இம்தியாஸ் எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னான். ஓர் இடத்தில்தான் வண்டி நின்றது.

"எஞ்சின் நின்னுபோச்சு. எங்க இறக்குவே?"

"பாலாத்து மணல்ல சார்."

"ஆத்துல தண்ணி வந்தா?"

இம்தியாஸ் கொஞ்சம் யோசித்தான். "வரட்டும் சார், அப்போ வேற இடம் பார்த்துக்கலாம்."

கைக்குட்டைக்குப் பின்னால் தேர்வாளர் சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது காற்றே இல்லை. விண்ட்சாக் துவைத்துப் போட்ட துணி மாதிரி தொங்கியது. டூ ஃபைவில் எழும்பிப் போனார்கள். ஒரு மணி நேரம் வானத்தில் தேர்வாளர் சொன்னதையெல்லாம் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதற்குள் காற்று கிளம்பியிருந்தது. கூடவே வாசனையும் வந்தது. தேவராஜ் ஜன்னலில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "விண்ட் வெஸ்டர்லி, ரன்வே டூ ஃபைவ்" என்று அறிவித்ததை ஷெட் வாசலில் நின்றிருந்த நான் கேட்டேன்.

தற்செயலாகத்தான் விண்ட்சாக்கைப் பார்த்தேன். நன்றாக ஊதிப் பெருத்து, வால் மேற்கே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது! வாசனை தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, லாரியிலிருந்து வருகிறது.

ரேடியோ ரூமுக்கு ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நானே நினைக்கவில்லை. அதற்குள் விமானம் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடைசி இறக்கத்துக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. முதல் தடவை போலவே உயரம் ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி. ஓடுபாதை முடிகிற இடத்தில் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. நான் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் பயிற்சியாளர் உதவினார் என்று பரீட்சை ரத்தாகும். இம்தியாஸ் கம்பெனி டேபிளுக்குப் போவான். சொல்லாவிட்டால் அவன் அட்ஜஸ்ட் செய்வான். அவன் அட்ஜஸ்ட் செய்யும் அழகை நான் ஏற்கெனவே பார்த்தாயிற்று.

பரீட்சை போனால் போகிறது, ஆள் முழுசாக வரட்டும் என்று தேவராஜ் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். பட்டனில் விரலை வைக்கும்போது ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"ரிஜெக்ட்."

அடுத்த நொடி திருத்திக்கொண்டு, "கோயிங் அரவுண்ட்" என்றான். எஞ்சின் முழுச் சத்தத்தோடு எங்கள் தலைக்கு மேலே ஏறிப் போனது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று பிறகுதான் தெரிந்தது.

"ரிஜெக்ட்னு ஒரு ரேடியோ கால் புதுசா வந்திருக்கா மேடம்? எனக்கு சர்க்குலர் வரலியே" என்றார் தேவராஜ்.

"முதல்ல ஜன்னலைச் சாத்துய்யா" என்றேன்.

இம்தியாஸ் மேலே போய், ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, விண்ட்சாக்குக்கு மேலே ஒரு சுற்று வந்தான். பிறகு ஜீரோ செவன் கேட்டான். இறங்கியது ஒன்றும் பட்டுப்போல இல்லை. ஆனால் ஒரே தடவைதான் இறங்கினான்.

5. எந்த சாப்டர்?

தேர்வாளர் என்னையும் இம்தியாஸையும் எதிரே உட்காரவைத்தார்.

"ஏன் திரும்பி மேல போனே?"

"குவாலிட்டி சரியில்ல சார். வேற யாராவது அப்படி இறக்கியிருந்தா நான் தூக்கிப் போட்டிருப்பேன். அதே மாதிரி இதையும் போட்டுட்டேன்."

"வீட்ல மூணாவது சான்ஸ் இல்லேன்னு காலைல சொன்னியே. பயமா இல்லையா?"

"பயந்தான் சார். ஆனா செவுரு கண்ணுக்குத் தெரிஞ்சுது."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "காத்து கிழக்கேயிருந்து அடிக்கிறத நான் தூரத்துலயே பார்த்துட்டேன். நீ இறக்கப் பார்த்திருந்தா நானே பவரத் தள்ளியிருப்பேன். அதோட உன் பரீட்சையும் முடிஞ்சிருக்கும். சரி, காத்து மேற்கேயிருந்துன்னு எப்படி முடிவு பண்ணே?"

இம்தியாஸ் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"ரேடியோல சொன்னாங்க சார். அப்புறம்... வாசனையும் வந்துச்சு."

தேர்வாளர் கைக்குட்டையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க சிலபஸ்ல இது எந்த சாப்டர்?"

பாஸ் போட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது தேவராஜிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசினார். மறுநாளிலிருந்து தேவராஜ் கண்ணாடியை மறக்கவில்லை. ரிப்பேருக்குப் போன மீட்டரும் அந்த வாரமே வந்து சேர்ந்தது.

இம்தியாஸ் இப்போது ஒரு பெரிய விமானக் கம்பெனியில் கோ-பைலட். போன மாதம் ஏதோ ஓர் ஊர் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தான். பின்னால் ஒரே கூச்சல்.

"மேடம், இன்னிக்கு ஒரு ரிஜெக்ட். மழை. கேப்டன் இறக்கிடலாம்னு பார்த்தாரு. நான்தான் கோ அரவுண்ட் சொன்னேன். ரெண்டாவது சுத்துல இறங்குனோம், லேட் ஆயிடுச்சு. பேசஞ்சருங்க திட்டுறாங்க, ஒரே பேஜாரு."

"நல்லா திட்டுறாங்களா?"

"காது குடுத்துக் கேக்க முடியல மேடம்."

"எல்லாரும் திட்டுறாங்களா?"

"எல்லாருந்தான்."

"அப்போ எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்க. போய் டீ குடி" என்றேன்.